பட்டாளத்துத் தாத்தாவின் போர் நினைவுகளைப் பதிவு செய்வது பற்றி

தேவிபட்டினம் பக்கம் இருக்கும் உங்கள் தாத்தா 1968-இல் ராணுவத்தில் சேர்ந்தவர் என்றும், 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் கிழக்கு முனையிலும் 1987-இல் அமைதிப்படையோடு இலங்கையிலும் இருந்தவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 71 பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர், இலங்கை என்ற பேச்சு எழுந்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிறாராம். அவர் சொல்வதைக் கைப்பேசியில் பிடித்து யூடியூபில் ஏற்றலாமா என்பது நீங்கள் வெளிப்படையாகக் கேட்ட கேள்வி. இடையில் போகிற போக்கில் இரண்டு வரிகளைச் சேர்த்திருக்கிறீர்கள்: தேதிகளை மாற்றி மாற்றிச் சொல்கிறார், நம்பலாமா என்று தெரியவில்லை, பேச மறுப்பதை எப்படிப் பேச வைப்பது என்றும் தெரியவில்லை. நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இந்த இரண்டையும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தாத்தாவுக்கு மரியாதை செய்வது பற்றிய கேள்வியையும், அவருடைய பெரியப்பா மலேயாவில் நேதாஜி படையில் இருந்ததாக வீட்டில் சொல்லப்படுவதற்கு ஆதாரம் கிடைக்குமா என்பதையும் இறுதியில் எடுத்துக்கொள்கிறேன்.

நான் கல்லூரியில் வரலாறு கற்பித்தவன். மண்டபத்திலிருந்து சாயல்குடி வரையிலான கரையோர ஊர்களில் முன்னாள் படைவீரர்களின் வாய்மொழி வரலாற்றைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகிறேன். மருத்துவமும் சட்டமும் என் துறைகள் அல்ல. இந்த வேலை அவ்விரண்டையும் தொடும் இடங்கள் வரும்போது அதைச் சொல்லிவிடுவேன். யூடியூப் என்பது இந்த வேலையின் கடைசிப் படி, அல்லது வராமலே போகக்கூடிய படி. பார்வையாளரை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்கும் பதிவில், சொல்பவர் ஐந்தாவது நிமிடத்திலேயே மேடைப் பேச்சுக்கு மாறிவிடுகிறார். உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் மட்டும் என்று சொல்லித் தொடங்குங்கள்.

முதலில் நினைவைப் பற்றி. அரை நூற்றாண்டுக்கு முந்தைய போரை நினைவுகூரும் ஒருவரிடம் எது உறுதியாக இருக்கும், எது தளர்ந்திருக்கும் என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. திரும்பத் திரும்பச் செய்த வேலைகள், சுமந்த பளு, பதுங்குகுழி வெட்டிய மண்ணின் தன்மை, லங்கரில் (படைச் சமையற்கூடத்தில்) கிடைத்த சாப்பாடு, பக்கத்தில் படுத்தவரின் பெயரும் ஊரும் ஆகியவை பெரும்பாலும் அப்படியே நிற்கும். தேதி, நிகழ்ச்சிகளின் வரிசை, எதிரிகளின் எண்ணிக்கை, நடந்த தூரம், வேற்று மொழி ஊர்ப்பெயர்கள் ஆகியவை எளிதில் குழம்பும். ஒருவர் உறுதியாகச் சொல்வது, அவர் சரியாகச் சொல்கிறார் என்பதற்குச் சான்றாகாது என்பதை நினைவு பற்றிய ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. அதோடு, ஆண்டுகள் செல்லச் செல்லத் தொலைக்காட்சியில் பார்த்ததும் சக வீரர்கள் சொன்னதும் சொந்த நினைவோடு கலந்துவிடும். இதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. “இதை நீங்களே பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா?” என்று இடையிடையே அடக்கமாகக் கேட்டால், பெரும்பாலான வீரர்கள் நேர்மையாகப் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். ராணுவத்தில் ரிப்போர்ட் கொடுத்துப் பழகியவர்களுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல.

தேதியைக் கேட்காதீர்கள், தேதி தெரிந்த வேறொன்றைக் கொடுத்து அதற்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். நம் கரையில் இதற்கு ஏற்ற அடையாளங்கள் நிறைய உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது அவர் எந்த வகுப்பில் படித்தார், 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்த செய்தி வந்தபோது பயிற்சி முகாமில் இருந்தாரா பல்டனுக்கு (தம் படைப்பிரிவுக்கு) போய்விட்டாரா, 1972 பொங்கலுக்கு வீட்டில் இருந்தாரா இல்லையா என்று கேட்டால், காலண்டர் தேதி சொல்லத் தடுமாறுகிறவர் தயங்காமல் பதில் சொல்வார். அப்படிக் கிடைக்கும் பத்துப் பதினைந்து புள்ளிகளை வைத்துக் காலக்கோட்டை நீங்களே வரைந்துகொள்ளலாம்.

தவறு என்று தோன்றுவதை அவசரப்பட்டுத் திருத்தவும் கூடாது. “சண்டை அறிவிப்பதற்கு முன்னாலேயே நாங்கள் உள்ளே போய்விட்டோம், கார்த்திகை மாதத் தொடக்கம்” என்று கிழக்கு முனையில் இருந்த ஒருவர் சொன்னால், பாடப்புத்தகம் படித்த பேரன் சிரிக்கக்கூடும். ஏனென்றால் போர் 1971 டிசம்பர் 3-இல் தொடங்கி 16-இல் டாக்கா சரணாகதியோடு முடிந்தது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். ஆனால் எல்லையை ஒட்டிய கரீப்பூரில் நவம்பர் 20, 21 தேதிகளிலேயே டாங்கிகளோடு கடும் சண்டை நடந்திருக்கிறது. ஹில்லியிலும் நவம்பரிலேயே மோதல் தொடங்கிவிட்டது. இத்தகைய இடங்களில் தாத்தாவின் நினைவுதான் பாடப்புத்தகத்தைவிட நுட்பமானது. அவர் சொன்னதைச் சொன்னபடியே வைத்து, உங்கள் ஐயத்தைத் தனிக்குறிப்பாக எழுதுங்கள். நான் மூன்று சொற்களைப் பயன்படுத்துவேன்: ஆவணத்தோடு பொருந்துவதற்கு ‘உறுதி’, பொருந்தக்கூடியதாக இருந்தும் சான்று கிடைக்காததற்கு ‘இருக்கலாம்’, ஆவணத்துக்கு மாறாக இருப்பதற்கு ‘முரண்’. முரண் என்று குறித்ததை அழிப்பதில்லை. ஒருவர் தம் போரை எப்படி நினைவில் வைத்திருக்கிறார் என்பதும் வரலாறுதான்.

ஆவணங்களில் முதன்மையானது, பணியிலிருந்து விடுபடும்போது ராணுவம் தரும் டிஸ்சார்ஜ் புத்தகம். சேர்ந்த நாள், படை எண், பதவி உயர்வுகள், பணிபுரிந்த பிரிவு, பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஓய்வூதியத்துக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள் என்பதால் இது பெரும்பாலான வீடுகளில் கிடைத்துவிடும். பதக்கங்களைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். 1971-க்கான பூர்வி ஸ்டார் கிழக்குப் போர்க்களத்தில் இருந்ததைக் காட்டும்; பஸ்சிமி ஸ்டார் மேற்கு முனைக்கு உரியது. சங்ராம் பதக்கமோ போர் முடிந்த பின்னும், 1972 டிசம்பர் வரை, எல்லை மாநிலங்களில் பணியாற்றியவர்களுக்கும் வழங்கப்பட்டது; ஆகவே அது மட்டும் இருந்தால் சண்டையில் நேரடியாக இருந்தார் என்று முடிவு கட்டிவிட முடியாது. 1972-இல் வந்த சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம் அப்போது பணியில் இருந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுக்கப்பட்டது. வீட்டில் பழைய இன்லாந்து லெட்டர்கள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். முகவரியில் 99 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்) என்று இருந்தால் கிழக்குப் பகுதி என்றும், 56 ஏ.பி.ஓ. என்று இருந்தால் மேற்கு, வடக்குப் பகுதிகள் என்றும் பொதுவாகக் கொள்ளலாம். அஞ்சல் முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருந்தால் ஒரு கடிதமே பல குழப்பங்களைத் தீர்த்துவிடும்.

புத்தகம் தொலைந்திருந்தாலோ பதிவில் ஐயம் இருந்தாலோ, தாத்தாவே கையெழுத்திட்டு, ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகத் தம் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர் என்றால் அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர், அதாவது பொறியாளர் படை, என்றால் பெங்களூரு. அவர் உயிரோடு இருக்கும்போது அவர் பெயரில் போகும் கடிதத்துக்கு இருக்கும் மதிப்பு, பின்னாளில் பேரன் எழுதும் கடிதத்துக்கு இருப்பதில்லை. பல்டன்களின் போர்க்குறிப்பேடுகளைப் பொறுத்தவரை, 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஏற்ற கொள்கையின்படி அவை பொதுவாக 25 ஆண்டுகளுக்குள் மறைநிலை நீக்கப்பட்டுத் தேசிய ஆவணக்காப்பகத்துக்குப் போக வேண்டும். கொள்கை அப்படி, ஒரு குடும்பத்தின் கைக்கு அவை எட்டுவது வேறு கதை. அதற்காகக் காத்திருந்து பதிவைத் தள்ளிப் போட வேண்டாம்.

நம் கரையில் காகிதத்துக்கும் உலோகத்துக்கும் உப்புக்காற்றே முதல் பகை. தகரப் பெட்டியில் வைத்த புகைப்படங்கள் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிய படத்தை உரித்தெடுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். உரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்துக்கொள்ளுங்கள். மற்றப் படங்களை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். பின்புறத்தையும் சேர்த்து, ஏனெனில் ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். பதக்கங்களைக் குத்துவிளக்கு போலப் புளி போட்டுத் தேய்க்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணும் பெயரும்தான் அந்தப் பதக்கத்தின் உயிர். அதைத் தேய்த்து அழித்துவிட்டுப் பளபளப்பை மட்டும் வைத்துக்கொள்வதில் பயனில்லை. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் போதும்.

பதிவுக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கைப்பேசியும் சட்டையில் மாட்டும் சிறிய மைக்கும் போதும். ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) வடிவில் சேமிக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள். ஆடிக் காற்றில் பனையோலைச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும் என்பதால் திண்ணையைத் தவிர்த்து, மின்விசிறியை நிறுத்தி, உள்ளறையில் உட்காருங்கள். விசிறி இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் யாராலும் உட்கார முடியாது. எழுபதைத் தாண்டியவருக்கு அந்த அளவே சரி. கோப்பை வாட்ஸ்ஆப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். திருத்தாத மூலக்கோப்பு ஒன்று, வேறு வேறு இடங்களில் இரண்டு பிரதிகள், அவற்றில் ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போரில் தொடங்காதீர்கள். ஆள்சேர்ப்புக்கு யாரோடு போனார், எதில் போனார், மார்பளவு எடுத்தவர் என்ன சொன்னார், அப்பா ஒத்துக்கொண்டாரா, முதல் மணியார்டரில் எவ்வளவு அனுப்பினார் என்று தொடங்குங்கள். கடலையும் பனங்காட்டையும் மட்டுமே பார்த்த பதினெட்டு வயதுப் பையன் முதல் முறையாகக் கம்பளிக்குள் படுத்த இரவு, போரின் முதல் நாளைவிடக் குறைந்த செய்தி அல்ல. “அப்போது எப்படி உணர்ந்தீர்கள்?” என்ற கேள்வி நம் பெரியவர்களிடம் எடுபடுவதில்லை, “அதற்கு அடுத்து என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் உணர்வும் கூடவே வந்துவிடும். வீட்டில் மற்றவர்கள் சூழ உட்கார்ந்து எடுத்துக்கொடுப்பதைத் தவிர்க்கப் பாருங்கள். மகன் பக்கத்தில் இருந்தால் தாத்தா வீரனாகப் பேசுவார்; பேரனோடு தனியாக இருந்தால் பயந்ததையும் சொல்வார்.

எழுத்தில் இறக்கும்போது அவருடைய பேச்சைத் திருத்தமான தமிழாக்காதீர்கள். மோர்ச்சா, லங்கர், பல்டன், சுபேதார் சாப் என்று ராணுவ இந்தியும் நம் கரைப் பேச்சும் கலந்து வரும் அந்த மொழி, இருபது ஆண்டுகள் ஊரைவிட்டு வாழ்ந்த ஒருவரின் மொழி. ‘மிகுந்த துணிச்சலுடன் போரிட்டோம்’ என்று அவர் ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டார். அப்படி எழுதிவிட்டால் ஆயிரம் பேர் கதையில் அவர் கதையும் கரைந்துபோகும்.

இனி இலங்கை. 1987 ஜூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கப் போன இந்தியப் படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டைக்குள் இறங்கியது. கடைசிப் பிரிவு 1990 மார்ச்சில் திரும்பியது. இந்தியத் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு, மறைவுக்குப் பின், பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. மறுபக்கத்தில், யாழ்ப்பாண மருத்துவமனையில் 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் நோயாளிகளும் மருத்துவர்களும் ஊழியர்களும் கொல்லப்பட்டது உட்பட, பொதுமக்கள் பட்ட துயரமும் பதிவாகியிருக்கிறது. தமிழ் பேசும் சிப்பாய்க்கு இதில் இரட்டைச் சுமை: எதிரே நின்றவர் என்ன கத்துகிறார், வீட்டுக்குள் ஒரு தாய் என்ன சொல்லி அழுகிறார் என்பது மொழிபெயர்ப்பில்லாமல் அவருக்குப் புரிந்தது. திரும்பி வந்தபோது மாலையும் மேளமும் இல்லை. நம் கரையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1983 முதல் படகேறி வந்த குடும்பங்கள் மண்டபம் முகாமில் இருக்கின்றன. அதே சந்தையில் அதே மீனுக்கு விலை பேசுகிறவர்களில் அமைதிப்படையில் இருந்தவரும் உண்டு, அந்தப் போரில் உறவை இழந்து வந்தவரும் உண்டு. இத்தனையையும் வைத்துப் பார்த்தால், உங்கள் தாத்தா எழுந்து போவதில் எனக்கு வியப்பில்லை.

அவரைப் பேச வைக்க வழி கேட்கிறீர்கள். என் பதில், வைக்காதீர்கள் என்பதுதான். கதவு திறந்திருக்கிறது என்பதை மட்டும் ஒருமுறை தெரிவியுங்கள்: “தாத்தா, அதைப் பற்றி நான் கேட்க மாட்டேன்; நீங்களாகச் சொல்ல நினைத்தால், எப்போது என்றாலும் கேட்பேன், உங்கள் அனுமதி இல்லாமல் யாருக்கும் காட்ட மாட்டேன்.” சிலர் மாதங்கள் கழித்து, மைக் இல்லாத நேரத்தில், சம்பந்தமில்லாத ஒரு பேச்சின் நடுவே தொடங்குவார்கள். அப்போது கைப்பேசியைத் தேடி எழாதீர்கள். கேட்டு முடித்து, பிறகு எழுதிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். சொல்லாமலே போகிறவர்களும் உண்டு. அவர் பற்றிய குறிப்பில் ‘1987-இல் இலங்கையில் பணி, இதைப் பற்றிப் பேச விரும்பவில்லை’ என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நேர்மையான ஆவணத்துக்கு அது போதும். பேசிய இரவுகளில் தூக்கம் கெடுகிறது, அலறி எழுகிறார், சாப்பாடு குறைகிறது என்றால் பதிவை உடனே நிறுத்துங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவமனை வழியாக மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம். இதற்கு மேல் அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை.

வெளியிடுவதைப் பற்றிச் சட்டத்துக்கு முன் மனிதர்களை யோசியுங்கள். பக்கத்தில் இறந்த தோழர் எப்படி இறந்தார் என்று தாத்தாவுக்குத் தெரியும். ‘வலியில்லாமல் போய்விட்டார்’ என்று அந்த வீட்டுக்கு ஆறுதலாகக் கடிதம் எழுதப்பட்டிருக்கலாம். அந்த மனைவி இன்றும் இருக்கலாம், அவருடைய பேரனிடமும் யூடியூப் இருக்கிறது. ஆகவே இறந்தவர்கள், காயமுற்றவர்கள், குற்றம் சாட்டப்படக்கூடியவர்கள் ஆகியோரின் பெயர்களை வெளியிடும் பிரதியிலிருந்து எடுத்துவிடுங்கள். மூலப்பதிவில் அவை இருக்கட்டும். எந்தப் பகுதியை இப்போது காட்டலாம், எதைத் தம் காலத்துக்குப் பின், எதை ஒருபோதும் கூடாது என்று தாத்தா தம் வாயால் சொல்வதையும் பதிவு செய்து, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 71-இல் லங்கரில் என்ன சாப்பிட்டார்கள் என்பதில் அலுவல் இரகசியச் சட்டம் குறுக்கிட வழியில்லை என்றே நினைக்கிறேன். ஒருவரின் மரணத்துக்கு இன்னொருவரைப் பொறுப்பாக்கும் செய்தி வந்தால், வழக்கறிஞரைக் கேட்காமல் வெளியிட வேண்டாம்.

உங்கள் பாட்டி இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அவருக்கும் சம அளவு நேரம் ஒதுக்குங்கள். தந்திக்காரர் சைக்கிள் தெருவுக்குள் வந்தால் எந்த வீடு என்று எல்லாப் பெண்களும் வாசலுக்கு வந்து நின்றதையும், கடிதத்தைப் படித்துக் காட்ட வாத்தியாரைத் தேடிப் போனதையும், மணியார்டர் வராத மாதத்தில் கருவாடு விற்றுச் சமாளித்ததையும் எந்தப் போர்க்குறிப்பேட்டிலும் பார்க்க முடியாது. இதுவும் போர்க்காலக் கதைதான். நம்மிடம் மிகக் குறைவாகப் பதிவாகியிருப்பது இந்தப் பகுதிதான் என்பது என் நெடுநாள் குறை.

மரியாதை செய்வது பற்றியும் கேட்டீர்கள். ஆகஸ்ட் 15-இல் சால்வை போர்த்திப் படமெடுத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மேடையில் அவரைப் பத்து நிமிடம் பேசவிட்டு யாரும் கேட்காமல் இருப்பதைவிட, ஊர்ப் பள்ளியில் இருபது மாணவர்கள் கேள்வி கேட்க அவர் பதில் சொல்வது மேல் என்பேன். பழைய நடுகற்களைப் பாருங்கள்: எந்த அரசனின் எந்த ஆண்டு, யாருடைய சேவகன், எந்த ஊரில் எதற்காகப் பட்டான் என்ற செய்திதான் அவற்றில் பெரும்பாலும் இருக்கிறது, அடைமொழி குறைவு. உங்கள் பதிவுக்கு அதுவே நல்ல முன்மாதிரி. முன்னாள் படைவீரர் நாள் ஜனவரி 14-இல் வருகிறது. பொங்கலுக்கு எல்லாரும் ஊரில் இருக்கும் நேரம் என்பதால், அவருடன் பணியாற்றிய அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இருவரை அழைத்து உட்காரவைக்க அது ஏற்ற நாள். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார். முரண்களும் அங்கேயே வெளிப்படும். ஆனால் தனித்தனியாகப் பதிவு செய்து முடித்த பிறகே இதைச் செய்யுங்கள்.

தாத்தாவின் பெரியப்பாவைப் பற்றி: மலேயாவிலும் பர்மாவிலும் கூலிகளாகவும் வணிகர்களாகவும் இருந்த தமிழர்கள் பலர், குறிப்பாக 1943-இல் நேதாஜி சிங்கப்பூர் வந்த பின், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள் என்பது உறுதி. நம் மாவட்டத்தவர் அதில் கணிசமாக இருந்தார்கள் என்பதும் அப்படியே. அதனால் உங்கள் வீட்டுச் செய்தி ‘இருக்கலாம்’ என்ற வகையைச் சேர்ந்தது. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடிவிட்டு, பெயர் இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். அது பிரிட்டிஷ் தரப்புப் படைகளில் இருந்து இறந்தவர்களுக்கானது. அவர் ஊர் திரும்பியவர் என்றால், தியாகி ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருக்க வாய்ப்பு உண்டு. மத்திய அரசின் அந்தத் திட்டம் 1972-இல் தொடங்கியது. விண்ணப்பத்தோடு சிறைச் சான்றோ, அது கிடைக்காவிட்டால் சக கைதிகளின் சான்றோ இணைக்க வேண்டியிருந்ததால், அந்தக் கோப்பு கிடைத்தால் கதை முழுவதும் கிடைத்த மாதிரி. பழைய ஆவணங்களில் மாவட்டம் ‘ராம்நாட்’ என்று இருக்கும். 1910-இல் உருவாகி 1985-இல் மூன்றாகப் பிரிந்த அந்த மாவட்டத்தில் இன்றைய சிவகங்கையும் விருதுநகரும் அடக்கம் என்பதால், பெயரும் மாவட்டமும் பொருந்தினாலும் கிராமமும் தகப்பனார் பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் உங்கள் பெரியவர் என்று ஏற்க வேண்டாம். முதலில் பரணில் இருக்கும் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஓய்வூதிய ஆணையின் நகலோ தியாகிகளுக்கு அரசு வழங்கிய, அவர் பெயர் பொறித்த தாமிரப் பட்டயமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள ஆணை எண்ணைக் குறிப்பிட்டு ஆட்சியர் அலுவலகத்தில் கோப்பைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.